நெஞ்சைத் திறப்பதற்கு முன்னால்

வீட்டில் ஒருவருக்கு பைபாஸ் என்றதும் எத்தனை அடைப்பு, எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்றுதான் பேச்சு ஓடும். நுரையீரலை ஒருவரும் நினைப்பதில்லை. இதய அறுவை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதயம் சரியான பிறகும் பலரைக் கட்டிலை விட்டு எழவிடாமல் செய்வது சளியும் மூச்சுத்திணறலும்தான். பிள்ளைகளே, இதை உங்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஆபரேஷனின்போது ஓர் இயந்திரம் இதயத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும் நேரத்தில் நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். பிறகு அது உடனே முழுசாக விரிவதில்லை. இடது பக்கத்தின் அடிப்பகுதிதான் அதிகம் மக்கர் செய்யும். கண் விழித்தவருக்கோ நெஞ்செலும்பில் வலி. பயந்துகொண்டு ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார். சளி தேங்கும், நிமோனியா வரலாம்.

வயது, உடல் பருமன், சர்க்கரை, பலவீனமான இதயம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. வயதை நாம் குறைக்க முடியாது. பீடி சிகரெட்டை விட முடியும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய ரோமங்கள் உண்டு. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் விட்டாலும் நல்லதுதான், ஆனால் நுரையீரல் தேற குறைந்தது 4 வாரமாவது வேண்டும். 8 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அம்மாக்கள் விஷயம் வேறு. "புகை பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "ஐயோ, இல்லீங்க" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் காலமெல்லாம் விறகடுப்பை ஊதிய நெஞ்சு அது. மாடி ஏறினால் இளைப்பதையும், மார்கழியில் விடாத இருமலையும் வயதாகிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அதை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முன்பே தெரிந்தால் இன்ஹேலர் கொடுத்து மூச்சைச் சீராக்கிய பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. பைபாஸுக்குக் காத்திருந்த, நுரையீரல் ஆபத்து அதிகமுள்ள 279 பேரில் பாதிப் பேருக்கு, குறைந்தது 2 வாரம், தினமும் 20 நிமிடம் மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் நுரையீரல் சிக்கல் வந்தது. மற்றவர்களில் 35 சதவீதம். பயிற்சி எளியது, பலன் பெரியது.

நம் ஆஸ்பத்திரிகளில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து கருவி தருவார்கள். பலரும் அதை ஊதுவார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும். ஆபரேஷன் முடிந்து வலியோடு கிடப்பவருக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுவதையும் முன்பே பழக்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேதி குறித்திருந்தால், அந்த நாள் வரை சும்மா காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கேட்டு, இன்றைக்கே பந்து கருவியை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள்.