தாய்லாந்தின் புலிக்குட்டிகள்

பாங்காக் நகரில் காலை எட்டு மணி அடித்ததும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியே தேசிய கீதம் முழங்குகிறது. விரைந்து சென்றவர்கள் அப்படியே அசையாமல் நின்றுவிடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானங்களிலோ, சீருடை தரித்த சிறுவர் சிறுமியர் அணிவகுத்து நிற்க, மூவர்ணக் கொடி மெல்ல மேலே ஏறுகிறது. சிவப்பு தேசத்தைக் குறிக்கும், வெண்மை சமயத்தை, நீலம் அரசரை.

புராதன வழக்கம்போல் தோன்றும் இதற்கு வயது சுமார் ஒரு நூற்றாண்டுதான். ஸயாம் என்று அந்நாடு வழங்கிய காலத்தில், வஜிராவுத் மன்னர் 1911-ஆம் ஆண்டில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். சாரணச் சிறுவர்களுக்கு அங்கே 'லூக் ஸுவா', அதாவது புலிக்குட்டிகள், என்று பெயர். 1917-இல் இன்றைய கொடியும், 1921-இல் கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டமும் அவர் ஆட்சியிலேயே வந்தன. 1932-இல் மன்னரின் ஏகபோக அதிகாரம் ஒழிந்தது. 1939-இல், பிபூன் சோங்கிராம் பிரதமராயிருந்தபோது, நாட்டின் பெயர் தாய்லாந்து ஆயிற்று. கொடிக்கும் கீதத்துக்கும் மரியாதை செலுத்துவது பிரஜைகளின் கடமை என்று ஆணை பிறந்தது. ஆண்டவர்கள் மாறினார்கள். குழந்தைகளைக் கொண்டே தேசத்தைச் சமைக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

ஜனவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை அங்கே குழந்தைகள் தினம். பிரதமர் ஆண்டுதோறும் குழந்தைகளுக்கென ஒரு பொன்மொழி அருளுகிறார். அரசாங்க மாளிகையில் அவருடைய நாற்காலியிலேயே சிறுவர்கள் ஏறி அமர்ந்து மகிழ்கிறார்கள். ராணுவ முகாம்களில் பீரங்கி வண்டிகளின்மீது ஏறி விளையாடுகிறார்கள். நாற்காலி ஒரு நாளைக்குத்தான். கீழ்ப்படிதல் ஆண்டு முழுவதற்கும்!

குருவணக்க நாளில் மாணவர்கள் ஆசிரியர் திருவடியில் வைக்கும் தட்டில் நமக்குப் பழக்கமான பொருள்களே இருக்கின்றன. அறுகம்புல், எங்கும் படர்ந்து வளரும் அறிவு. ஊசிபோன்ற வெட்சி மொட்டு, கூரிய புத்தி. தலை கவிழ்ந்து மலரும் கத்தரிப்பூ, பணிவு. எவ்வளவு அழகான பாடம்! ஆனால் ஆட்சியாளர்கள் கத்தரிப்பூவைப் போற்றிய அளவுக்கு வெட்சி மொட்டைப் போற்றினார்களா?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பல பள்ளிகளில் கொடியேறும் வேளையிலேயே மாணவர்கள் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார்கள். வெள்ளை நாடா அணிந்தார்கள். ஜனநாயகம் வேண்டும் என்றார்கள். தங்கள் தலைமயிரின் நீளத்தை அரசாங்கம் ஏன் அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பெரியோர் பலர் திடுக்கிட்டனர். ஆயினும், மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1975-ஆம் ஆண்டின் தலைமயிர் விதியை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2025 மார்ச் மாதத்தில் ரத்துச் செய்தது.

அக்குழந்தைகள் கொடியை வெறுத்தவர்கள் அல்லர். கொடியின் நிழலில் தங்களுக்கும் இடமுண்டா என்று கேட்டவர்கள். புலிக்குட்டி என்று பெயர் வைத்து வளர்த்த பிறகு, அது ஒரு நாள் உறுமினால் குற்றம் யாருடையது? வணங்கக் கற்ற பிள்ளைக்கு வினவவும் கற்பிக்கும் தேசமே நல்ல பிரஜைகளைப் பெறும். தட்டில் இரண்டு மலர்களும் அருகருகே இருக்கட்டும்.