செலவு

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. செல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பிற்காலத்தில் அச்சொல்லே கைப்பொருள் கரைவதையும் குறிக்கலாயிற்று. ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது பொருத்தமே. வீட்டை விட்டு நாம் செல்லத் தொடங்கினால், பொருளும் நம்மை விட்டுச் செல்லத் தொடங்கிவிடுகின்றது அன்றோ?

பொருள்தேடப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்பர் இலக்கண நூலார். அது பயணத்தை அடியோடு கைவிடுவதன்று. ஆற்றுவித்துச் செல்வதற்காகச் சிறிது தாழ்த்துவதே என்று தொல்காப்பியரும் தெளிவுபடுத்துகின்றார். நானும் என் மனைவியும், நண்பரும் அவர் துணைவியாரும் ஆக நால்வர், கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளைக் கண்டுவருவதென்று முடிவு செய்து, ஓராண்டுக் காலம் இவ்வாறு செலவழுங்கி நின்றோம். எங்களைத் தாழ்த்தியது தலைவியின் கண்ணீர் அன்று. தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணப் பட்டியல்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழ்வோர்க்குக் கணக்கு புதிதன்று. பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் நகரத்தார் பெட்டியடிக்கு முன் அமர்ந்து பேரேடு எழுதினர், ஐந்தொகை எடுத்தனர். அவர்களுக்கு அணித்தே தமிழ் முசுலிம் வணிகர்கள் பல நாட்டு நாணயங்களை மாற்றிக் கொடுத்தனர். மேலும், 1786இல் ஆங்கிலேயர் குடியேற்றமான பினாங்கு, 1969 வரை நெடுங்காலம் தீர்வையற்ற துறைமுகமாக விளங்கியது. பொருள்மீது வரியில்லை, விலைமீது பேரம் உண்டு. இன்றும் மார்க்கெட் வீதிச் சேலைக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருபவரை உலகமறியாதவர் என்றே எண்ணுவர். அத்தகைய ஊரில் வளர்ந்த எங்களுக்கு, பேரம் பேச இடமே தராத ஒரு பட்டியல் திகைப்பைத் தந்ததில் வியப்பில்லை.

அப்பட்டியலின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இங்கு யான் தரும் தொகைகள் 2024ஆம் ஆண்டு நிலவரப்படியானவை. தான்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 70 அமெரிக்க டாலர். அதன்மேல் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடு. ஆக 82.60 டாலர். இது முழுப் பயணத்துக்கும் உரிய கட்டணம் அன்று. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மட்டுமே உரியது. நண்பகலில் வாயிலைக் கடந்தால் மறுநாள் நண்பகலோடு முதற் சீட்டின் ஆயுள் முடிகின்றது. சிங்கம் ஒன்றைக் கண்டு மெய்ம்மறந்து நின்று, வாயிலுக்குத் திரும்பக் காலந்தாழ்த்தினால், அந்தச் சிங்கத்தின் விலை இன்னொரு நாள் கட்டணம் ஆகிவிடக்கூடும்.

இரவு பூங்காவினுள் தங்கினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பொதுக் கூடார இடமாயின் வரியுடன் ஓர் இரவுக்கு 35.40 டாலர்; உள்ளே அமைந்த விடுதியாயின், விடுதி வாடகைக்கு மேலாகப் பூங்காவுக்குச் செலுத்துவது 70.80 டாலர். அருசா நகரிலிருந்து செரெங்கெட்டி செல்லும் வழி கொரொங்கோரோ பாதுகாப்பு நிலத்தின் ஊடே போகின்றது. அதனைக் கடந்து செல்வதற்கே தலைக்கு 70.80 டாலர், திரும்பும்போது மீண்டும் அதே தொகை. அங்குள்ள எரிமலைப் பள்ளத்துள் இறங்கினால் வண்டி ஒன்றுக்கு 295 டாலர். இது தலைக்கணக்கில் அமையாதது. இருவர் சென்றால் ஆளுக்கு 147.50, நால்வர் சென்றால் 73.75. பயணத்துக்கு நல்ல துணை வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கென்யாவின் மாசாய் மாராவில் கணக்கு வேறு. சனவரி முதல் சூன் வரை 100 டாலர். சூலை முதல் திசம்பர் வரை 200 டாலர். அதுவும் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரையிலான பன்னிரண்டு மணி நேரத்துக்கே. வைல்டபீஸ்ட் என்னும் பெருமான்கள் கூட்டங்கூட்டமாக மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஆண்டின் பிற்பாதியில் நிகழ்வது. கட்டணம் இரட்டிப்பதும் அப்பொழுதே.

நாங்கள் முதலில் கேட்டறிந்த பயண முகவர் ஒருவர் தந்த மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தது. நண்பர் மகிழ்ந்தார். அடியில் நுண்ணெழுத்தில் ‘பூங்காக் கட்டணம் நீங்கலாக’ என்றிருந்ததை அவர் துணைவியாரே கண்டுபிடித்தார். ஆதலின் இத்தகைய பயணம் மேற்கொள்ளக் கருதுவோர் முதலில் கேட்கவேண்டியது மொத்தத் தொகையை அன்று. அத்தொகையில் எவையெவை அடங்கும் என்பதையே.

பின்னர் நாங்களே மார்க்கெட் வீதித் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்து கணக்கிட்டோம். ஒருவருக்குச் செரெங்கெட்டியில் மூன்று நாள் நுழைவு 247.80; மூன்று இரவு பொதுக் கூடார இடம் 106.20, கொரொங்கோரோ இருமுறை 141.60, பள்ளத்துள் இறங்கும் வண்டிக் கட்டணப் பங்கு 73.75, தரங்கிரே பூங்கா ஒரு நாள் 59. கூட்டினால் 628.35 டாலர். டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று எளிமைக்காகக் கொண்டால், நால்வர்க்கும் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. வானூர்தி, வண்டி, உணவு, கொரொங்கோரோவில் தங்கும் இரவு ஆகியவை இதில் சேரா. ஆகஸ்டில் மாராவில் இரண்டு நாள் என்று நாங்கள் எண்ணியிருந்ததற்கு மேலும் 6,400 ரிங்கிட் வேண்டியிருந்தது. ஓய்வூதியத்தில் வாழும் இரு குடும்பங்களுக்கு இது சிறு தொகையன்று.

“அண்ணே, அந்நாட்டவருக்குச் சில்லறைக் காசு, நமக்கு இவ்வளவா? இது என்ன நியாயம்?” என்று கேட்டார் நண்பரின் துணைவியார்.

என் மனைவி விடை கூறினாள்: “கொடிமலை இரயிலில் நாம் அடையாள அட்டையைக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் ஏறுகிறோமே, அம்மா. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர் கூடுதலாகக் கொடுக்கிறார். அன்று நாம் நியாயம் கேட்டோமா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் பேச்சின் போக்கே மாறியது. இந்தப் பணம் எங்கே போகின்றது என்று வினவத் தொடங்கினோம். தான்சானியாவின் பூங்காக்களுள் தம் வருவாயால் தம்மைக் காத்துக்கொள்பவை ஒரு சிலவே. செரெங்கெட்டி போன்றவை ஈட்டும் பொருளே, பயணிகள் எட்டிப் பாராத ஏனைய காடுகளுக்கும் காவலர் சம்பளமும் வண்டி எரிபொருளும் ஆகின்றது. 1970 அளவில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 65,000 கருங்காண்டாமிருகங்கள் இருந்தன. 1995 அளவில் அவை 2,500க்கும் கீழே குறைந்தன. இன்று அத்தொகை 6,000ஐத் தாண்டி மீண்டு வருகின்றதென்றால், அது இரவும் பகலும் காத்து நின்ற மனிதர்களால் ஆயது. காவலுக்குக் கூலி வேண்டும். அக்கூலியில் ஒரு பங்கு வாயிலில் நாம் தரும் காசு.

நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தோம். மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துபட்டது. தீபகற்பக் காடுகளில் எஞ்சிய புலிகள் நூற்றைம்பதுக்கும் குறைவு. பகாங்கு தாமான் நெகாராவின் நுழைவுச் சீட்டு நெடுங்காலம் ஒரே ஒரு ரிங்கிட்டாக இருந்தது. கட்டணத்தை உயர்த்தியிருந்தால் காண்டாமிருகம் பிழைத்திருக்கும் என்று யான் சொல்லவில்லை. அழிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பொருளை ஒரு ரிங்கிட்டுப் பொருளாகவே மதிப்பது மனித இயல்பு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. செரெங்கெட்டிப் புல்வெளியில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள், 1959இல் பூங்காவின் பொருட்டு அங்கிருந்து கொரொங்கோரோவுக்குப் பெயர்க்கப்பட்டனர். அங்கிருந்தும் அவர்களை அகற்றும் முயற்சி அண்மை ஆண்டுகளில் பெரும் வழக்காகியுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வாழ்ந்த இலயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வழிவந்த நாம், இதனை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் போக இயலாது. விலங்குக்குக் காவலாகும் கட்டணம், அந்நிலத்துக்கு உரியவர்களின் வாழ்வுக்கும் காவலாகவேண்டும். காசு கொடுப்பவன் கேட்கத் தகுந்த கேள்வி உண்டென்றால், விலை ஏன் கூடுதல் என்பதன்று. அதில் அவர்களுக்குப் பங்கு எவ்வளவு என்பதே.

இறுதியில் திட்டத்தை மாற்றினோம். மாராவை விட்டுவிட்டோம். ஆகஸ்டுக்குப் பதிலாகப் பிப்ரவரியைத் தேர்ந்தோம். அத்திங்களில் வைல்டபீஸ்ட் கூட்டம் செரெங்கெட்டியின் தென்பகுதிப் புல்வெளியில் கன்று ஈனும். ஆற்றைக் கடக்கும் காட்சி எங்களுக்கு இல்லை. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும் காட்சி உண்டு. விடுதியை விட்டுக் கூடாரத்தைக் கொண்டோம். வழியில் வாங்க எண்ணியிருந்த பொருள்களைப் பட்டியலிலிருந்து அடித்தோம். பூங்கா வாயில்களில் கட்டணத்தை அட்டை வழியாகவே செலுத்தவேண்டியிருப்பதால், நாணய மாற்றுக் கடையில் வாங்கவேண்டியது வழிகாட்டிக்கும் சமையற்காரருக்கும் அன்பளிப்பாகத் தரும் சிறு தொகை மட்டுமே. அதுவும் புதிய டாலர்த் தாள்களாக இருத்தல் வேண்டும். பழைய தாள்களை அங்குப் பலர் ஏற்பதில்லை.

முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று தமிழகம் போற்றியது. தீர்வையற்ற துறைமுகத்தில் வளர்ந்த எங்களுக்கும் அப்பட்டம் இனிமையானதே. ஆயினும் வணிகன் மூட்டைமீது விதிக்கும் சுங்கம் வேறு. வாய்பேசா உயிர்களின் பெயரால் வாங்கும் சுங்கம் வேறு. முன்னதைத் தவிர்ப்பவன் புகழ்பெறலாம். பின்னதைத் தவிர்த்தால் காண்பதற்கு ஒன்றும் எஞ்சாது. எங்கள் கணக்கேட்டில் எல்லாச் செலவும் ஒருமுறையேனும் குறைக்கப்பட்டது. பூங்காக் கட்டணத்துக்கு உரிய பத்தி மட்டும் எழுதியது எழுதியபடியே நிற்கின்றது. அதன்மேல் பேரம் பேச இப்பொழுது எங்கள் நால்வருள் எவருக்கும் மனம் இல்லை.