முடிச்சூரிலிருந்து நெய்வேலிக்கு

தாம்பரத்திற்கு மேற்கே, அடையாற்றை ஒட்டியிருக்கிறது நமது முடிச்சூர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் என்றால் நேயர்களுக்கு நினைவு வரும். இங்கே நம் தெருமுனையில், வேப்ப மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. சென்ற ஐப்பசியில் அவர் கடனுக்கு வாங்கிய இரண்டு மூட்டைக் கரியினால் ஒரு வழக்கு மூண்டது.

"முதல் மூட்டை முழுதும் ஈரம், பெட்டி சூடேறவே இல்லை" என்றார் பெரியவர். "முதல் தரமான கரி" என்றார் மண்டிக்காரர். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதனால் மத்தியஸ்தம் நம் தலையில் விழுந்தது. இரண்டாவது மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலாக ஒரு பிடி எடுத்துப் பார்த்தோம், காய்ந்திருந்தது. "கரியில் குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொன்னோம். பெரியவர் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

மறுநாளே நெய்வேலிப் பிரயாணம் வாய்த்தது. தாம்பரத்தில் ரயிலேறி, விழுப்புரம் கடந்து, விருத்தாசலத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுமாய்க் கண்ணுக்கு இனிய காட்சி.

1930-களில் இப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தட்டுப்பட்டது. இதற்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த கிராமங்களும் உண்டு என்பதை, அந்தப் பிரம்மாண்டமான பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது மறக்க முடியவில்லை.

கரியைச் சோதிக்கும் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் சொன்ன விவரம் இது. பொடி செய்த கரியில் ஒரே ஒரு கிராம் எடுத்து, 108 டிகிரி சூட்டில் காய வைத்தால் குறையும் எடை ஈரம். 815 டிகிரியில் முற்றும் எரித்தபின் எஞ்சுவது சாம்பல். மூடிய கிண்ணத்தில் 900 டிகிரியில் ஏழு நிமிஷம் வைத்தால், ஈரம் நீங்கலாகப் போவது ஆவிப்பொருள். மூன்றும் கழித்து மிஞ்சுவதே நிலைத்த கரி. நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீராம்!

"பெரும் குவியலுக்கு ஒரு கிராம் எப்படிச் சாட்சி சொல்லும்?" என்று கேட்டோம்.

"அதுதான் ஸார், சூட்சுமம். மேலே மட்டும் அள்ளக்கூடாது. பல இடங்களில், பல ஆழங்களில் எடுத்துச் சேர்க்க வேண்டும். உடைத்துக் கலந்து கூம்பாகக் குவித்துத் தட்டி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டைத் தள்ள வேண்டும். மிஞ்சியதை மறுபடியும் பகுக்க வேண்டும். அள்ளும் கை தவறினால் அப்புறம் எந்தத் தராசும் உதவாது" என்றார்.

நம் நாட்டு நிலக்கரிக்கு வெப்ப அளவைக் கொண்டு ஜி-1 முதல் ஜி-17 வரை தரங்கள் உண்டு. ஒரு தரம் இறங்கினால் விலையும் இறங்கும். ஆகவே, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவரைக் கொண்டு மாதிரி எடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அந்த மூன்றாமவராகத்தானே முடிச்சூரில் நாமும் நின்றோம்! நமக்கு முகம் சிவந்தது.

ஊர் திரும்பியதும் இருவரையும் அழைத்தோம். இரண்டாவது மூட்டையை முழுதும் கொட்டினோம். அடிக்கரி கையில் ஒட்டியது. கலந்து, பகுத்து, ஒரு கிலோ நிறுத்து முறத்தில் பரப்பினோம். மழை விட்ட இரண்டு நாள் வெயிலில் அது 850 கிராமாயிற்று. இருபது கிலோ மூட்டையில் மூன்று கிலோ தண்ணீர்!

மண்டிக்காரர் திகைத்தார். மூட்டைகளை ஈரத்தரையில் அடுக்கியிருந்தாராம், வஞ்சனை ஒன்றுமில்லை. இரண்டு மூட்டைக்கும் சேர்த்து ஆறு கிலோ உலர்ந்த கரி அளந்து கொடுத்தார். நாம் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"அதெல்லாம் எதற்கு, வாத்தியாரய்யா? அடுத்த மூட்டைக்கும் நீங்கள்தான் வரவேண்டும்" என்றார் அவர்.

முறத்தைக் கழுவி, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம்.