திண்ணை போனபின் நாய்க்கு எங்கே இடம்?

சிதம்பரத்தில் எங்கள் பழைய வீட்டில் நாய் எங்கே படுக்கலாம் என்ற பேச்சே எழுந்ததில்லை. தெருவைப் பார்த்த திண்ணை இருந்தது. சோறும் அங்கேதான், பகல் தூக்கமும் அங்கேதான், ராத்திரிக் காவலும் அங்கேதான். கோயிலுக்குப் போய் பைரவரையும் அவருடைய நாய் வாகனத்தையும் கும்பிட்டு வருகிறவர்கள்கூட, வீட்டு நாயை ரேழி தாண்டி உள்ளே விட்டதில்லை. அது சரியா தவறா என்பது வேறு விஷயம். தன் இடம் எதுவென்று அந்த நாய்களுக்குத் தெரிந்திருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்குத் திண்ணை கிடையாது. கதவைத் திறந்தால் ஹால், ஹாலில் சோபா. ஐப்பசி மழையில் தெருவில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்த நாட்டுக் குட்டி ஒன்றை உள்ளே எடுத்துவந்து மணி என்று பெயர் வைத்தோம். கால் ஊன்றியதும் அது முதலில் ஏறப் பார்த்தது சோபாவில்தான்.

ஏன் ஏறுகிறது என்று கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். சித்திரை வெயிலில் சோபாவைக் காட்டினாலும் நாய்க்குட்டி ஏறாது. வயிற்றைத் தரையில் ஒட்டிவைத்துக்கொண்டு டைல்ஸில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும். கார்த்திகையில் கடல் காற்று அடித்துத் தரை சில்லிட்டுப் போகும்போதுதான் மெத்தென்ற இடம் தேடும். அதோடு, நாம் உட்காரும் இடத்தில் நம் வாசனை இருக்கிறது. தாயில்லாத குட்டிக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஏறிவிட்டுத்தான் போகட்டுமே என்பவர்கள் உண்டு. ஆனால் குட்டிகளுக்குக் கால் எலும்பின் முனைகள் ஒரு வயதை ஒட்டித்தான் முழுதாக இறுகுகின்றன. அதுவரை உயரத்திலிருந்து வழுக்குகிற தரையில் திரும்பத் திரும்பக் குதிப்பது நல்லதல்ல. மழைக்காலச் சேறும் உண்ணியும் மெத்தையில் ஏறினால் எளிதில் போகாது. இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இரண்டு கிலோ குட்டியாக இருக்கும்போது மடியில் ஏற்றிக் கொஞ்சுகிறோம். அதே நாய் 15, 20 கிலோவுக்கு வளர்ந்து, வந்த விருந்தாளி மேல் ஏறும்போது தடியை எடுக்கிறோம். நாம் பழக்கியதைத்தான் அது செய்கிறது. அதற்காக அதை அடிப்பது அநியாயம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே அடிப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனசாட்சி அதைத்தான் சொல்லும்.

இறக்குவதற்கு அடியும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம். அவித்த முட்டையில் நகக்கண் அளவு கிள்ளிக் குட்டியின் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். அது மோப்பம் பிடித்ததும் கையை மெல்லத் தரையை நோக்கி இறக்கினால், மூக்கு பின்தொடரும், முன்னங்கால் இறங்கும், பிறகு உடம்பு முழுதும் சரிந்து வரும். நான்கு காலும் தரையில் பட்டபின் ‘கீழ’ என்று ஒரே ஒரு சொல், உடனே முட்டை. அங்கேயே விட்டுவிட்டால் மறுபடி ஏறும். சோபாவுக்குப் பக்கத்திலேயே நாலாக மடித்த கோணிச் சாக்கு, அதன்மேல் நாம் கட்டிப் பழசான ஒரு பருத்திப் புடவை; அதுவரை நடத்திக் கூட்டிப்போய், படுத்ததும் இன்னொரு துணுக்கு தர வேண்டும். துரத்தினால் அதற்கு விளையாட்டு. கத்தினாலும் நாம் அதோடு பேசுவதாகவே எடுத்துக்கொள்ளும்.

கடலூரில் மணி இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சிதம்பரத்தில் அப்பா இருக்கும் அந்தப் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனால் கதை மாறும். அப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி அதைத் தூக்கி மேலே போட்டுக்கொள்வார். “இங்க ஏத்தினா அங்கயும் ஏறும்பா” என்பேன். “பச்சப் புள்ளம்மா, என்னைக்கோ ஒரு நாள்தானே” என்பார்.

என்றைக்கோ ஒரு நாள் என்பதில்தான் சிக்கல். உளவியலாளர்கள் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த நீண்ட சோதனைகளை 1957-ல் நூலாக வெளியிட்டார்கள். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகிய புறாவோ விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நாய்க்குட்டியும் அப்படித்தான். பத்து தடவை இறக்கிவிட்டு ஒரு தடவை அனுமதித்தால், அந்த ஒரு தடவைக்காக நூறு தடவை ஏறிப் பார்க்கும். அது பிடிவாதம் இல்லை, நம்பிக்கை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. கடலூரிலிருந்து கொண்டுபோன சாக்கைத் திண்ணையில் விரித்து, தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மணி அவர் தொடையில் தலையை வைத்துப் படுத்தது. நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது மனுஷர். மனுஷர் எங்கே உட்கார்ந்தால் என்ன? அன்றிலிருந்து மணி எங்கே போனாலும் அந்தச் சாக்கும் கூடவே போகிறது. வீடு மாறினாலும் இடம் மாறவில்லை என்பதை அது மோந்து தெரிந்துகொள்கிறது.

குட்டி வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொண்டுவருவதற்கு முன்பே வீட்டில் உள்ள எல்லோரும், தாத்தா பாட்டி உட்பட, ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒருவர் ‘இறங்கு’, ஒருவர் ‘நோ’, ஒருவர் ‘ஏய்’ என்றால் அது எதைக் கேட்கும்? எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். சோபாவில் ஏறி விருப்பம்போல் இருக்கட்டும் என்று முடிவுசெய்தால் அதுவும் சரிதான். கடைசி வரை அதில் நில்லுங்கள். ஏறக்கூடாது என்றால், அப்படிச் சொல்வதற்கு முன் அதற்கென்று ஓர் இடத்தை, உங்கள் காலடிக்குப் பக்கத்திலேயே, விரித்துக் கொடுங்கள். திண்ணையை இடித்துவிட்டு நாயை உள்ளே அழைத்தவர்கள் நாம். அதற்கு இடம் காட்ட வேண்டியதும் நம் கடமை.