சங்கிலியும் கண்ணிகளும்

இந்திய இரயில்வேயின் சீட்டு முன்பதிவு 2002ஆம் ஆண்டு இணையத்திற்கு வந்தது. வீட்டிலிருந்தே சீட்டுப் பெறும்போதெல்லாம் என் உள்ளம் ஒரு கணக்கில் ஆழும். பயணி வேண்டுவது ஒன்றே: செலுத்திய பணத்திற்குச் சீட்டு. அதன் பின்னேயோ அடையாளச் சரிபார்ப்பு, இருக்கை தேடல், கட்டணக் கணிப்பு, வங்கிப் பரிமாற்றம், பதிவு எனப் பல சேவைகள் கைகோத்து நிற்கின்றன. இவ்வைந்தும் தனித்தனியே நூற்றுக்கு 99 முறை தவறா எனக் கொள்வோம். ஐந்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 95 முறையே பணி நிறைவேறும். ஐவர் வெறுங்கையோடு திரும்புவர்! நூற்றில் ஒருவருக்கு மேல் ஏமாற்றம் கூடாதெனின், ஒவ்வொரு சேவையும் 99.8 விழுக்காடு பிழையற்றிருத்தல் வேண்டும். ஆகவே, பணியின் தேவையை முதலில் வரையறுத்து, அதிலிருந்தே சேவையின் தரத்தை அளந்திடல் வேண்டும். கடைசியில் நிற்பவரின் கை நிறைந்ததா என்பதே தரத்தின் உரைகல்.