நாற்பது டோல், இரண்டு குச்சி

ஜூலை 13, 2025, ஞாயிறு

புனேயின் முத்தா ஆற்றங்கரை. டோல்-தாஷாக் குழுவின், அதாவது பதக்கின், தாஷாக்காரர் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்துபோனது. "உங்களுக்கு மிருதங்கம் தெரியுமே" என்று, இரண்டு வருடமாக டோல் அடித்துவந்த தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் தாஷாவை மாட்டிவிட்டார்கள். ஆழமில்லாத செம்புச் சட்டி, இழுத்துக் கட்டிய மூடி, இரண்டு மெல்லிய குச்சிகள். இடுப்பில் டோலின் பாரம் இல்லாமல் நடக்கவே அவளுக்கு விநோதமாக இருந்தது.

ஜூலை 16

மழை. பயிற்சி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொதப்பிவிட்டாள். நாற்பது டோலும் சீராக ஓடும்போது கைக்குப் பழைய பாடம் ஞாபகம் வந்தது. சதுஸ்ரத்தின் மேல் ஒரு திஸ்ரக் கோர்வை. முன்வரிசை தலையாட்டியது, நடுவரிசை தடுமாறியது, பின்வரிசை வேறு தாளத்துக்கே போய்விட்டது. கைத்தாளம் தட்டும் ஜாஞ்ச்காரர்கள் கையை நிறுத்திக்கொண்டார்கள்.

"தாயி, வாசிச்சது பிரமாதம். எங்க சேரணும்னுதான் புரியல" என்றான் கடைசி வரிசைக் கல்லூரிப் பையன். மராத்தியில் அக்காதான் தாயி.

வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. அவன் நிற்பது முப்பது மீட்டர் பின்னால். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அவளுடைய அடி அவனை எட்ட ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி. கச்சேரி மேடையில் கடக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். இங்கே காதை மட்டும் நம்பினால் பின்வரிசை எப்போதும் பிந்தித்தான் வரும். அவர்கள் பார்ப்பது முன்னால் உயரும் குச்சியை. அவள் உயர்த்தவில்லை.

ஆகஸ்ட் 3

தூக்கமில்லை. தனி ஆவர்த்தனத்தில் குருநாதர் எவ்வளவு தூரம் அலைந்தாலும், முடிவு நெருங்குவதைச் சொல்லும் மோராவை வைத்ததும் பாடகர் நிமிர்ந்து உட்காருவார். பிறகு கோர்வை மூன்று முறை, பாட்டின் எடுப்பு. சின்ன வயதில் அதை வெறும் சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 10

தாளம் மாறும் முன் இரண்டு குச்சியும் தலைக்கு மேலே. ஒருவரும் தவறவில்லை. ஆனால், "ரொம்ப அடக்கி வாசிக்கிறீங்க, தாஷா மாதிரியே இல்லை" என்கிறார் பதக் தலைவர். அழுகை வந்தது.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. பேசக்கூட நேரமில்லை.

செப்டம்பர் 6, அனந்த சதுர்தசி

விசர்ஜன ஊர்வலம். கஸ்பா கணபதி முதலான, முதல் மரியாதைக்குரிய ஐந்து மானாச்சே கணபதிகளும் போன பிறகு, இருட்டில் இவர்கள் முறை. லக்ஷ்மி ரோடின் இரு பக்கக் கட்டடங்களும் ஒவ்வொரு அடியையும் திருப்பி அடித்தன. ஆற்றங்கரையில் இந்த எதிரொலி கிடையாது.

அல்கா சௌக் நெருங்கும்போது திஸ்ரம் தானாக வந்தது. நாற்பதும் சேர்ந்தே விழுந்தன. குச்சியை உயர்த்தினாளா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. பையனைக் கேட்க நினைத்தாள். கூட்டத்தில் அவனைக் காணவில்லை.

விரல் தோல் உரிந்திருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.