பேரிங் உட்காரும் இடம்

சில வருஷம் முன்பு தோக்கியோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். நிஷி கசாய் என்ற பகுதி. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். துவரம்பருப்பு கிடைக்கிறது, இட்லி அரிசி கிடைக்கிறது, பேச்சுத் துணைதான் கிடைக்காது. மாப்பிள்ளையும் மகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நானும் என் கைத்தடியும்தான். அதனால் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தை வாசலைப் பார்த்தபடியே எதிர்பார்த்துக் கிடப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவனோடு தோசாய் லைன் ரயிலேறி தகதனொபாபாவுக்குப் போனேன். அங்கே இறங்கி யமனோத்தே லைனுக்கு மாற வேண்டும். அந்த ஊரில் ரயில் கிளம்புமுன் மணிக்குப் பதிலாக ஒரு சின்ன இசைத் துணுக்கைப் போடுகிறார்கள். இந்த ஸ்டேஷனில் அது துள்ளலாக இருந்தது, பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் மாதிரி. பேரன் என் விரலைப் பிடித்து இழுத்தான்.

“அப்புச்சி, இது அடோமு பாட்டு. அவன் இந்த ஊர்லதான் பொறந்தான்.”

யாரோ தலைவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் அது ஒரு ரோபோப் பையன் என்று தெரிந்தது. ‘டெட்சுவான் அடோமு’. டெட்சுவான் என்றால் இரும்புக்கையாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வயதில், மீசை முளைத்த பிறகும், இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த ஆள் நான். இந்த அடோமு 2003 ஏப்ரல் 7 அன்று பிறந்ததாகக் கதை. அதை வரைந்த ஒசாமு தெஸுகா பத்திரிகையில் தொடராக எழுத ஆரம்பித்தது 1952இல். ஐம்பது வருஷம் தள்ளிப் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பிறந்த தேதி குறித்துவைத்த மனுஷன்!

அன்று ராத்திரி பேரன் அடோமு டிவித் தொடரின் முதல் பகுதியைப் போட்டான். 1963 ஜனவரி 1, புத்தாண்டு நாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு ஃபுஜி டிவியில் வந்தது. வாராவாரம் அரை மணி நேரம் என்று ஜப்பானில் வந்த முதல் கார்ட்டூன் தொடர் அதுதான். அந்த நாளில் எனக்குப் பதினொரு வயது. சென்னைக்கு டிவி வரவே இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது.

படம் கறுப்பு வெள்ளை. பத்து நிமிஷம் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் பேசினால் வாய் மட்டும் அசைகிறது, முகம் களிமண் மாதிரி அப்படியே நிற்கிறது. நாலு பேர் நிற்கும் கூட்டத்தில் ஒருவர்தான் கையைத் தூக்குகிறார், மற்ற மூவரும் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். பேரனும் நெளிந்தான். அவன் பார்க்கிற படங்களில் ஒரு இலை விழுந்தால்கூட அது சுழன்று சுழன்று விழும்.

“அப்புச்சி, இது ஓடவே மாட்டேங்குது. நின்னு நின்னு போகுது.”

“ஆமா சாமி, கைவேலை மட்டம்” என்றேன். நாற்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த வாய்.

சொன்னபிறகுதான் சுருக்கென்றது. இதே வார்த்தையை இதே தோரணையில் முன்னொரு தரம் சொல்லியிருக்கிறேன்.

1974. கோயமுத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி. பாலிடெக்னிக் முடித்த கையோடு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, பையில் வெர்னியர், கையில் சிவப்பு பெயிண்ட் டப்பாவும் பிரஷும். தேறாத சாமான் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட வேண்டியது என் வேலை. அந்த அதிகாரம் தலைக்கு ஏற ஒரு வாரம்கூட ஆகவில்லை. லேத்தில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவர் கடைந்து வைத்திருந்த பேரிங் ஹவுசிங் முப்பத்தெட்டு. வெளிப்பக்கம் பார்த்தால் ஒரே சொரசொரப்பு. மணல் வார்ப்பின் தோல் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் பிசிறுகூட முழுசாகப் போகவில்லை. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன், திருப்பினேன், கைவேலை மட்டம் என்றேன். முப்பத்தெட்டுக்கும் சிவப்புக் குறி. அங்கே பீஸ் ரேட். அது அவருக்கு இரண்டு நாள் கூலி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபிறகு ஒரு ஹவுசிங்கைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“ஏனுங்க தம்பி, இதுல பேரிங் எங்கீங்க உக்காரும்?”

உள்துளையைக் காட்டினேன். “அப்ப அதை அளந்து பாருங்க.”

அளந்தேன். 62 மில்லிமீட்டர் துளை. 30 மைக்ரான் வரைதான் கூடலாம், ஒரு தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. அதற்குள் நின்றது. அடுத்ததை அளந்தேன், அதுவும் நின்றது. பத்து அளந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் ஒரு பேரிங்கை எடுத்துத் துளையின் வாயில் வைத்து அழுத்தினார். அது தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. உள்ளே முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. வெளிப்பக்கத்தின் மேல் எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். அங்கே நேரத்தைச் செலவு செய்தால் இங்கே செலவு செய்ய நேரம் இருக்காது. இதை அவர் சொல்லவில்லை, எனக்கே உறைத்தது.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். காட்டன் வேஸ்ட்டைச் சீமெண்ணெயில் நனைத்து என் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருடைய தூக்குப்போசி திறக்காமலே கிடந்தது. மணி அடிப்பதற்குள் முடித்தோம். சொரசொரப்பின் பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தங்கிவிட்டது. ஃபோர்மேன் வந்து, “என்ன, ரிஜெக்‌ஷன் இருக்கா?” என்றார். மேஸ்திரி முந்திக்கொண்டு, “இல்லீங்க, தம்பி எல்லாத்தையும் அளந்து பாத்துட்டாருங்க” என்றார்.

இத்தனையும் அந்த சோபாவில் உட்கார்ந்தபடி ஞாபகம் வந்தது. படத்தை நிறுத்தச் சொல்லி, அடுத்த நாள் மாப்பிள்ளையிடம் விவரம் கேட்டேன். அவருக்கும் இதில் பைத்தியம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் மாமனாரிடம் சொல்லக் கூச்சம் போலிருக்கிறது.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். வழுக்கிக்கொண்டு ஓடுகிற கார்ட்டூன் வேண்டுமென்றால் நொடிக்குப் பன்னிரண்டாவது வரைய வேண்டும், சில இடங்களில் இருபத்துநாலும். வாரம் ஒரு பகுதி கொடுக்க வேண்டிய தெஸுகாவின் கம்பெனிக்கு அது நடக்கிற காரியமா? ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு வைத்துப் பிடித்தார்கள். நொடிக்கு எட்டு போதும். அதுவும் கட்டாத இடத்தில் அசையாத படத்தை வைத்து, கேமராவை மட்டும் நகர்த்தினார்கள். வாயைத் தனியாக வரைந்து முகத்தின் மேல் வைத்தார்கள். அடோமு பறக்கிற காட்சியை ஒருதரம் வரைந்தால் எடுத்துப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அடுத்த வாரமும் அதே பறத்தல், பின்னால் வானம் மட்டும் வேறு. இப்படியே 193 பகுதிகள், 1966 கடைசி நாள் வரை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஆகிற செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் அவர் டிவிக்காரர்களுக்குக் கொடுத்தார். துண்டு விழுந்ததைத் தன் சித்திரக்கதைச் சம்பாத்தியத்தாலும், அடோமு முகம் போட்டு விற்ற சாமான்களில் வந்த பணத்தாலும் அடைத்தார். அவருக்கு அது ஆசை, தாங்கிக்கொண்டார். ஆனால் ஒருவர் கூலியைக் குறைத்துப் பேசிவிட்டால் அப்புறம் அதுதான் கூலி என்று ஆகிவிடும். பீஸ் ரேட்டில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்னால் வந்த வரைகலைக்காரர்கள் எத்தனை பேர் அதற்காக ராத்தூக்கம் கெட்டார்களோ. அவருடைய அந்தக் கம்பெனியே 1973இல் திவாலாயிற்று. மேதை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்ட அன்று ராத்திரியே முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னேன். பேரன் முகம் சுளித்தான், ஆனாலும் போட்டான். இந்தத் தடவை துளையை அளக்கிற கண்ணோடு உட்கார்ந்தேன்.

கதை இதுதான். தென்மா என்கிற விஞ்ஞானியின் மகன் டோபியோ கார் விபத்தில் செத்துப்போகிறான். அப்பனுக்குப் புத்தி பேதலித்ததுபோல் ஆகிறது. செத்த பிள்ளையின் ஜாடையிலேயே ஒரு ரோபோ செய்கிறார். மேசையில் கிடக்கிற அது கண்ணைத் திறக்கிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. அதைப் பிள்ளை என்றே கூப்பிட்டு வளர்க்கிறார். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பையன் வளரவில்லை. இரும்பு எப்படி வளரும்? செய்தவருக்கே அது மறந்துபோயிருக்கிறது. கோபம் தலைக்கேறி, சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். அங்கே மற்ற ரோபோக்களோடு சண்டை போட வைக்கிறார்கள். ஓச்சானோமிசு என்ற மூக்குப் பெரிய ஒரு புரொபசர்தான் அவனை அங்கே பார்த்து இரக்கப்பட்டு மீட்கிறார்.

குழந்தைகளுக்கு, அதுவும் புத்தாண்டு நாளில், பிள்ளை செத்த கதையில் ஆரம்பித்திருக்கிறார் தெஸுகா. அந்த இடத்தில் அவர் கையை இறுக்கிப் பிடிக்கவில்லை. அப்பன் கோபப்படுகிறபோது அந்தப் பையனுக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை. அந்த முகம் அசையாமல் நிற்கிறது. நேற்று அதைத்தான் களிமண் என்றேன்.

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, அந்த ஆளு எத்தனை நாள் பேசாம இருந்தாரு?” என்றாள். பிளஸ் டூ கணக்கில் அவள் மார்க் குறைந்தபோது நான் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அவளுடைய அம்மாதான் நடுவில் தபால்காரர். வாசல் நிலையில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்தவன்தான் நானும். “இந்த ஆளு வித்தே போட்டாரம்மா” என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். குக்கர் மூடியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

படம் முடிந்து எழுத்து ஓடியது. பேரன் ரிமோட்டைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பிடித்த சண்டைப் படத்தைப் போடப்போகிறான் என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

“அப்புச்சி, அந்த அப்பா அவனைத் திரும்பக் கூட்டிக்க வருவாரா?”

“எனக்கென்ன தெரியும் சாமி. அடுத்ததைப் போடு.”

மணி பத்தாகிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம். சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு மகளும் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.